ஊசி யாருக்கு, பில்லு யாருக்கு?

கொஞ்ச நாளா பதிவு பக்கம் தலைகாட்டலை. "என்னய்யா ஆச்சு, கடையை மூடிட்டீரா?"ன்னு ரெண்டு மூணு பேர் மெயில்ல விசாரிச்சிருந்தீங்க. நன்றி மக்களே. கடை திறந்துதான் இருக்கு. எங்க சித்தி பொண்ணோட அமெரிக்க விசா வேலைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சதுல தமிழ்ல ரெண்டு வரி தட்ட நேரமில்லை.

அந்த அலைச்சல்ல பாஸ்போர்ட்டு, கல்யாணப் பதிவுச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ்னு எல்லாம் ஒரு வழியா முடிஞ்சது. கடைசியா மாட்டுனது தடுப்பூசி. அதை வச்சு வீட்டுல ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துருச்சு. பஞ்சாயத்து முடிஞ்சது. ஆனா எனக்கு ஒரு கருத்து மனசுல தங்கிப்போச்சு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

கருத்து இதுதான். பொண்டாட்டியைக் கூப்பிட்டுக்கிற விசாவுக்கு ஊசி கேட்கிறது தப்பில்லை. அந்த ஊசியோட பில்லைப் பொண்ணைப் பெத்தவங்க தலையில கட்டுறதும், அதை வெறும் 'விசாச் செலவு'ன்னு நினைச்சுக் கடைசி வாரத்துல ஓடுறதும்தான் தப்பு.

சண்டைக்கு வர்றவங்க முழுசாப் படிச்சிட்டு வாங்க :)

முதல்ல, யார்கிட்ட கேட்கிறாங்கன்னு பார்த்துடலாம். நம்ம ஊர்ல இருந்து பொட்டி தட்டப் போறவங்க பொண்டாட்டிமார்ல பாதிக்கு மேல ஹெச்-4 விசாவுலதான் போறாங்க. அவங்ககிட்ட ஒரு ஊசியும் கேட்கிறதில்லை. டூரிஸ்ட் விசாவுல பேரனைப் பார்க்கப் போற அப்பா அம்மாகிட்டயும் கேட்கிறதில்லை. கேட்கிறது குடியேற்ற விசாவுக்கு மட்டும். அதாவது, புருஷன் அமெரிக்கக் குடிமகனாவோ பச்சை அட்டைக்காரராவோ இருந்து, மனைவியை நிரந்தரமாக் கூப்பிட்டுக்க மனு போட்டா, அப்பதான் ஊசிப் பட்டியல் வருது. ஹெச்-4ல போனவங்களும் தப்பிக்க முடியாது. பின்னாடி அங்கேயே பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இதே பட்டியலை நீட்டுவாங்க. அங்கே அந்தப் பரிசோதனை செய்யிற டாக்டர் எவ்வளவு வாங்கலாம்னு அரசாங்கம் எதுவும் நிர்ணயிக்கலை. ஆளுக்கு ஒரு ரேட்டு.

இந்தச் சட்டம் 1996ல வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, போலியோ, டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான், ஹிப், ஹெபடைட்டிஸ் பி எல்லாத்தையும் சட்டத்துலேயே பேர் சொல்லி எழுதிட்டாங்க. அதோட, அமெரிக்காவோட தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிற மத்ததும் சேரும்னு ஒரு வரி. சின்னம்மை, ஃப்ளூ எல்லாம் அந்த வழியா உள்ளே வந்ததுதான். வயசைப் பொறுத்துப் பட்டியல் மாறும். பரிசோதனையை எந்த டாக்டர்கிட்ட வேணாலும் செஞ்சுக்க முடியாது. தூதரகம் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட மட்டும்தான். மதுரையில அப்படி யாரும் இல்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிச்சு சென்னை போகணும். நேர்காணலுக்குப் பெரும்பாலும் மும்பை.

இப்ப நம்ம பக்கம் வருவோம். எங்க சித்தி பொண்ணு 1996ல பிறந்தது. ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். சித்தப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். அந்த வருஷத்துல அந்தக் கிராமத்துல பிறந்த ஒரு குழந்தைக்கு நம்ம அரசாங்கம் என்ன குடுத்துச்சு? பி.சி.ஜி., முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு மருந்து, ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசி ஒண்ணு. எல்லாம் இலவசம். நர்ஸம்மா வீடு தேடி வந்து, ஓடுற புள்ளையைப் பிடிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அந்த வேலைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். இந்தியாவுல 1978லயே தடுப்பூசித் திட்டம் ஆரம்பிச்சாலும், 1985க்கு அப்புறம்தான் எல்லாக் குழந்தைக்கும்னு வேகம் பிடிச்சது. அந்த வேகத்துல பிழைச்ச தலைமுறை நாங்கள்லாம்.

ஆனா அமெரிக்கப் பட்டியலையும் நர்ஸம்மா பட்டியலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஹெபடைட்டிஸ் பி தமிழ்நாட்டு அரசு ஊசிப் பட்டியல்ல வந்தது 2007-08 வாக்குல. ஹிப் சேர்ந்த ஐந்து நோய் ஊசி 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் முதல்ல வந்தது. ரூபெல்லா வந்தது 2017 பிப்ரவரியில. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஊசி போட்டாங்களே, வாட்ஸப்ல ஆயிரம் புரளி கிளம்புச்சே, அதேதான். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் அரசுத் திட்டத்துல இன்னமும் ஊசி கிடையாது. ஆக, எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பட்டியல்ல பாதி ஊசி போடப்படவே இல்லை. மீதிப் பாதி போட்டதுக்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம்னா என்ன? ஊசி பேரு, போட்ட நாள், மாசம், வருஷம், போட்ட இடத்தோட முத்திரை. "சின்ன வயசுல எல்லாம் போட்டாச்சுங்க, இந்தா பாருங்க தழும்பு"ன்னு கையைத் தூக்கிக் காட்டுனா செல்லாது. அந்த மஞ்சள் நிற அட்டை எங்கே? பரணைக் குடைஞ்சு பார்த்தாச்சு. அவளோட அஞ்சாம் வகுப்பு ராங்க் கார்டு கிடைச்சது, காது குத்துக்கு அடிச்ச பத்திரிகை கிடைச்சது, மொய் நோட்டு மூணு கிடைச்சது. 1994ல யார் யாரு எத்தனை ரூவா எழுதுனாங்கன்னு இன்னிக்கும் சித்தி சொல்லிரும். ஊசி அட்டை மட்டும் இல்லை. நம்ம வீடுகள்ல எதுக்குக் கணக்கு வைக்கிறோம், எதுக்கு வைக்கிறதில்லைங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணாம்.

சின்னம்மை விஷயம் இன்னும் தமாஷ். அவளுக்கு ஏழு வயசுல அம்மை போட்டிருக்கு. ஊருக்கே தெரியும். வாசல்ல வேப்பிலை கட்டி, இளநி வாங்கிக் குடுத்து, மூணு தண்ணி ஊத்துனாங்க. ஆனா நம்ம பக்கம் ஆத்தா வந்திருக்கான்னா டாக்டர்கிட்ட போற பழக்கமே கிடையாதே. மாரியாத்தா சீட்டு எழுதியா குடுப்பா? அதனால அதுக்கும் காகிதம் இல்லை. நல்லவேளை, நோய் வந்து போனதைப் பத்தி நம்பகமா விவரம் சொன்னா பரிசோதிக்கிற டாக்டர் ஏத்துக்கலாம், இல்லைன்னா ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு டெஸ்ட் எடுத்துக் காட்டலாம். தட்டம்மை, ரூபெல்லா, ஹெபடைட்டிஸ் பிக்கும் இந்த ரத்த டெஸ்ட் செல்லும். இது தெரியாமலே பல பேரு எல்லா ஊசியையும் மறுபடி குத்திக்கிறாங்க. திரும்பக் குத்திக்கிறதுல உடம்புக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான்.

இப்ப செலவு. தனியார்ல இந்த ஊசிகள் விலை ஒரே மாதிரி இல்லை. பெரியவங்களுக்கான ஹெபடைட்டிஸ் பி ரொம்பச் சல்லிசு. எம்.எம்.ஆர். சில நூறு ரூவா. சின்னம்மை, ஃப்ளூ, கக்குவான் சேர்ந்த டெட்டனஸ் ஊசி, இந்த மூணும்தான் ஒவ்வொண்ணும் ஆயிரத்தைத் தாண்டுற ரகம். எங்க வீட்டுக் கணக்குல ஊசிக்கு மட்டும் ஆறாயிரத்தை ஒட்டி ஆச்சு. அதை விடுங்க, அது பெரிய காசு இல்லைன்னு சிலர் சொல்லுவீங்க. மொத்தமாப் பார்த்தா உண்மைதான். மனுவுக்கு 2024 ஏப்ரல்ல இருந்து ஆன்லைன்ல 625 டாலர். விசா விண்ணப்பத்துக்கு 325. உத்தரவாதப் பத்திரத்துக்கு 120. விசா கிடைச்ச பிறகு பச்சை அட்டை அடிக்க இன்னொரு 235. இதுக்கு நடுவுல ஊசி எந்த மூலைக்கு?

விஷயம் அங்கேதான் இருக்கு. அந்த டாலர் செலவெல்லாம் மாப்பிள்ளை அங்கே இருந்து கார்டைத் தேய்ச்சுக் கட்டிருவாரு. ஊசி, பரிசோதனை, சென்னைப் பயணம், லாட்ஜ், துணைக்குப் போற ஆள் செலவு எல்லாம் இங்கே ரூவாயில வரும். ரூவாயில வர்றதெல்லாம் பொண்ணு வீட்டுச் செலவு. யாரும் பேசி வைக்கலை, எழுதியும் வைக்கலை. அப்படியே வழக்கமாயிருச்சு. எங்க மாப்பிள்ளை நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். அவரே போன்ல, "மாமா, அங்கேயே முடிச்சிருங்க, இங்கே போட்டா ரொம்ப ஆகும்"னு சொன்னாரு. சித்தப்பாவும் "அதுக்கென்ன மாப்பிள்ளை, பார்த்துக்குவோம்"னுட்டாரு. போனை வச்சிட்டுத்தான் என்னைய பார்த்து, "தம்பி, மல்லி விக்கிற விலைக்கு இந்த மாசம் பூ எடுக்குற கூலிக்கே கட்டலை"ன்னாரு.

அந்த ஆறாயிரமும் ஒரே தடவையில முடிஞ்சிருந்தா பரவாயில்லை. முதல்லயே ஊர்ல ஒரு கிளினிக்ல எம்.எம்.ஆர். போட்டிருக்காங்க. அங்கே குடுத்த பில்லுல 'இன்ஜெக்‌ஷன் சார்ஜ்'னு மட்டும் இருக்கு. எந்த ஊசின்னு இல்லை. அதைத் தூக்கிட்டு சென்னை போனா ஏத்துக்கலை. நியாயம்தானே, அந்தப் பில்லை வச்சு அது எம்.எம்.ஆரா விட்டமின் ஊசியான்னு யாருக்குத் தெரியும்? திரும்பி வந்து கேட்டா கிளினிக்ல நோட்டு இல்லை. மறுபடி சென்னை. ரெண்டு நடைக்கும் மூணு மூணு பேர். ரயில், லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடுன்னு கூட்டிப் பார்த்தா ஊசிச் செலவைப் போல ரெண்டு மடங்கு. காகிதம் இல்லாததுக்குக் கட்டுன அபராதம் இது.

சரி, இந்த ரூல் மேலேயே கோவப்படுறவங்க இருக்காங்க. "நம்ம ஆளுங்கள நோயாளி மாதிரி நடத்துறாய்ங்க"ன்னு எங்க பெரியப்பா பொங்குனாரு. அவர் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்யுது. 2008 நடுவுல என்ன செஞ்சாய்ங்க தெரியுமா? கருப்பைவாய்ப் புற்றுக்கான ஹெச்.பி.வி. ஊசியையும் இந்தப் பட்டியல்ல சேர்த்துட்டாய்ங்க. 11ல இருந்து 26 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களுக்கு. அமெரிக்கப் பொண்ணுங்களுக்கே அது கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். குடியேற வர்றவளுக்கு மட்டும் கட்டாயம். மூணு டோஸுக்கு அங்கே கிட்டத்தட்ட 360 டாலர். யாரும் உக்கார்ந்து யோசிச்சுச் செஞ்ச சதி இல்லை அது. ஆலோசனைக் குழு எதைப் பரிந்துரைச்சாலும் தானாச் சேரும்னு சட்டத்துல எழுதி வச்சதோட விளைவு. பெண்கள் அமைப்புகளும் குடியேறிகள் அமைப்புகளும் சத்தம் போட்டாங்க. 2009 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. கொள்ளைநோயாப் பரவக்கூடியதா இருக்கணும், இல்லைன்னா அமெரிக்காவுல ஒழிச்ச அல்லது ஒழிச்சுக்கிட்டு இருக்கிற நோயா இருக்கணும், அப்பதான் கேட்கலாம்னு புது அளவுகோல் வச்சாங்க. கேள்வி கேட்டா ரூல் மாறும்ங்கிறதுக்கு இது ஒரு உதாரணம்.

கொரோனா ஊசியும் அப்படித்தான். 2021 அக்டோபர் 1ல இருந்து கட்டாயம்னாங்க. நம்ம ஊர்ல கோவாக்சின் போட்டவங்க பாடு திண்டாட்டம். உலக சுகாதார நிறுவனம் அதுக்கு அங்கீகாரம் குடுத்தது நவம்பர் 3ல. நடுவுல ஒரு மாசம், ரெண்டு டோஸ் போட்டும் போடாத ஆள் கணக்கு. அப்புறம் 2025ல அந்தக் கட்டாயத்தையே எடுத்துட்டாங்க. ஆக, இந்தப் பட்டியல் கல்வெட்டு இல்லை. மனு போட்ட அன்னிக்குப் படிச்சதை வச்சுக்கிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீங்க, அந்த மாசத்துப் பட்டியலைப் பாருங்க.

மத்த நாடுகளைப் பாருங்க. கனடா குடியேற்றத்துக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, ஊசிக் கட்டாயம் இல்லை. பிரிட்டன் நம்ம ஆளுங்ககிட்ட காசநோய் டெஸ்ட் கேட்குது, ஊசி கேட்கலை. ஆனா சுகாதாரக் கட்டணம்னு 2024 பிப்ரவரியில இருந்து வருஷத்துக்கு 1,035 பவுண்டு. ரெண்டே முக்கால் வருஷ மனைவி விசாவுக்கு 3,105 பவுண்டு முன்கூட்டியே கட்டணும். அதுக்கு எங்க சித்தப்பா பில்லு எவ்வளவோ மேல். வாசல்ல நிக்க வச்சுக் கேட்காத நாடு எதுவும் இல்லை, கேட்கிற சாமான்தான் வேற வேற.

நம்ம சீமைக்கு இது புதுசும் இல்லை. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்களை மண்டபம் முகாம்லதான் நிறுத்தி வச்சாங்க. சில நாள் தனியா வச்சுப் பார்த்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல்ல ஏத்துனாங்க. பின்னாடி இலங்கை அகதிகள் வந்து இறங்குனதும் அதே மண்டபம்தான். அந்தத் தோட்ட முறையில கொடுமைக்குப் பஞ்சமே இல்லை, அதைப் பெருமையாச் சொல்ல வரலை. ஆனா ஒண்ணு கவனிக்கணும். ஆள் சேர்க்கிற செலவையெல்லாம் கூலிக்காரன் பேர்ல கடனா எழுதி, அந்தக் கடனைக் காட்டியே ஆயுசுக்கும் கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க. அதை எதிர்த்துப் பேசிப் பேசித்தான், 1923ல வந்த சட்டத்துல அந்தச் செலவைத் தொழிலாளி தலையில கட்டக்கூடாதுன்னு ஆச்சு. கூப்பிடுறவன் செலவு பண்ணணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி தோட்டத்துரைக்கே சொன்ன நியாயம், கட்டுன புருஷனுக்கு நாம சொல்லக் கூச்சப்படுறோம்.

இப்ப முக்கியமான பாயிண்டுக்கு வர்றேன். நான் ஏன் ஊசி கேட்கிறது தப்பில்லைன்னு சொல்றேன்?

ரூபெல்லாவை எடுத்துக்கங்க. வந்தா ரெண்டு நாள் காய்ச்சல், லேசா தடிப்பு, போயிரும். ஆனா கர்ப்பமா இருக்கிறவளுக்கு முதல் மூணு மாசத்துல வந்தா வயித்துப் புள்ளைக்குக் கண்ணுல புரை, இதயத்துல ஓட்டை, காது கேட்காம போறதுன்னு என்னென்னமோ ஆகும். இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இங்கிலாந்து ஆட்களோட சேர்ந்து, கண்புரையோட வந்த குழந்தைகளைப் பரிசோதிச்சு 1996ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு வயசுக்குள்ள இருந்த குழந்தைகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு, தாய்க்கு வந்த ரூபெல்லாதான் காரணம்னு அதுல இருக்கு. நாலுல ஒண்ணு! 1996. எங்க சித்தி பொண்ணு பிறந்த அதே வருஷம், அதே மாவட்டம்.

அந்த வருஷம்தான் அமெரிக்கா இந்த ஊசியைச் சட்டத்துல எழுதுச்சு. அங்கே 2004ல ரூபெல்லா ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. நம்ம அரசாங்கப் பட்டியல்ல அது வர இன்னும் 21 வருஷம் ஆச்சு. 2017ல வந்தப்பவும் 15 வயசுக்குள்ள உள்ளவங்களுக்குத்தான். அப்ப 21 வயசு ஆன பொண்ணுக்கு? யாரும் கேட்கலை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தோம், நட்சத்திரப் பொருத்தம் பார்த்தோம், நகை எத்தனை பவுன்னு பேசினோம். இந்தப் பொண்ணுக்கு ரூபெல்லா ஊசி போட்டிருக்கான்னு ரெண்டு வீட்டுலயும் ஒருத்தரும் கேட்கலை. கடைசியில எங்கேயோ இருக்கிற அரசாங்கம்தான் கேட்டுச்சு. அதுவும் தன் நாட்டு நலனுக்குத்தான் கேட்டுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா பலன் இவளுக்கு.

இதுல இன்னொரு சிக்கல். எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியை வலுவிழக்க வச்சு செய்யிற ஊசிகள். கர்ப்பமா இருக்கும்போது போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாசம் கர்ப்பம் தள்ளிப் போடணும். விசா விதியிலயும் கர்ப்பிணிக்கு இந்த ஊசிகள்ல விலக்கு உண்டு, அதனால விசா நிக்காது. ஆனா எந்த ஊசி அவளுக்கு அந்த நேரத்துல ரொம்ப முக்கியமோ, அதைப் போட முடியாத நேரத்துல போய் நிக்கிறோம். மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை மூணு வாரம் லீவுல வர்றாரு. மாமியார் வீட்டுல "விசேஷம் உண்டா?"ன்னு மாசாமாசம் கேட்கிறாங்க. பொண்ணு என்கிட்ட மெதுவா, "அண்ணே, இந்த ஊசியை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போட்டிருக்கலாம்ல"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவ இல்லை.

மனு போட்டதுல இருந்து நேர்காணல் வரைக்கும் குடிமகனோட மனைவிக்கே பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. பச்சை அட்டைக்காரர் மனைவின்னா வரிசை இன்னும் நீளம். அத்தனை நாளும் சும்மாதானே இருக்கோம்? அதனால என்னோட யோசனைகள், எடுத்துக்கிறவங்க எடுத்துக்கங்க:

ஒண்ணு. மனு போடுற மாசமே ஊசி வேலையை மதுரையிலேயே ஆரம்பிச்சிருங்க. நல்ல டாக்டரா பார்த்து, முதல்ல ரத்த டெஸ்ட் தேவையான்னு கேளுங்க. எம்.எம்.ஆரையும் சின்னம்மையையும் ஒரே நாள்ல போடலாம். இல்லைன்னா நடுவுல 28 நாள் இடைவெளி வேணும். ஹெபடைட்டிஸ் பி மூணு டோஸ், முழுசா முடிய ஆறு மாசம். விசாவுக்கு எல்லா டோஸும் முடிஞ்சிருக்கணும்னு இல்லை, அந்த நேரத்துக்கு உரியது போட்டிருந்தாப் போதும். ஆனா நாம போடுறது விசாவுக்கு மட்டும் இல்லையே.

ரெண்டு. பில்லு போதாது. ஊசி பேர், தேதி, கையெழுத்து, முத்திரையோட அட்டை கேட்டு வாங்குங்க. பாஸ்போர்ட் இருக்கிற பையிலயே அதையும் வைங்க. பொண்ணு கையில இருக்கணும், பரண்ல இல்லை.

மூணு. இந்தச் செலவை மாப்பிள்ளை கட்டட்டும். டாலர்ல மனுக் கட்டணம் கட்டுறாரே, அதே கணக்குல இதையும் சேர்த்து முதல்லயே பேசிருங்க. கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. "எங்க பொண்ணுக்கு நாங்க செய்ய மாட்டோமா"ன்னு நெஞ்சை நிமித்துற அப்பாமாருக்கு: செய்யுங்க, தாராளமா செய்யுங்க. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியே, விசா இருந்தாலும் இல்லாட்டியும், அமெரிக்கா போனாலும் அலங்காநல்லூர் போனாலும் செய்யுங்க. அப்ப அது சீரு. நேர்காணல் தேதி வந்த பிறகு கடன் வாங்கிச் செஞ்சா அது தண்டம்.

நாலு, அரசாங்கத்துக்கு. ஆப்பிரிக்கா போறவங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, உலகம் பூரா செல்லுற சான்றிதழ் குடுக்க கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல வசதி இருக்கு. 2021ல கோவின் மூலமா நாட்டுல உள்ள பெரியவங்க எல்லாத்துக்கும் செல்போன்லயே ஊசிச் சான்றிதழ் வந்துச்சு. எங்க அப்பத்தா கையிலகூட ஒண்ணு இருக்கு, லேமினேஷன் போட்டு! இவ்வளவும் செய்யத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, கல்யாண வயசுப் பொண்ணுங்களுக்கு ரூபெல்லா ஊசி போட்டு ஒரு அட்டை குடுக்குறது பெரிய வேலை இல்லை. பள்ளிக்கூடத்துல டெட்டனஸ் ஊசி போடுற நர்ஸம்மா காலேஜ் வாசலுக்கும் வரலாம்.

பெரியப்பா மாதிரி கோவப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. கோவம் நியாயமானதுதான், கொஞ்சம் திசை மாத்திக்கங்க. அடுத்த நாட்டுக்காரன் நம்ம பொண்ணுக்கு ஊசி போட்டிருக்கான்னு கேட்டதுல கோவப்படுறதைவிட, இருபத்தஞ்சு வருஷமா நாம கேட்காம விட்டதுல கோவப்பட நிறைய இருக்கு.

சித்தி பொண்ணுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு, இந்தத் தடவை அட்டையோட. பரிசோதனை முடிஞ்சது, மும்பை தேதிக்குக் காத்திருக்கோம். பில்லுல பாதியை மாப்பிள்ளை அனுப்பிட்டாரு. அதுவும் நான் போன் போட்டு நேரடியாக் கேட்ட பிறகுதான். "சொன்னா அனுப்பியிருப்பேனே மச்சான், யாரும் சொல்லலையே"ன்னாரு. நம்ம வீடுகள்ல பாதிப் பிரச்சினை இந்த 'யாரும் சொல்லலையே'தான். மீதிப் பாதியை வாங்குற வரைக்கும் நான் விடுறதா இல்லை.

பி.கு.: நான் டாக்டரும் இல்லை, விசா ஏஜெண்டும் இல்லை. பட்டியலும் கட்டணமும் மாறிக்கிட்டே இருக்கும், கிளம்பும் முன்ன தூதரகப் பக்கத்துல ஒரு தடவை பார்த்துக்கங்க. கோயம்புத்தூர், நெல்லைப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இந்த வேலை பார்த்திருந்தா, உங்க ஊர்ல யார் காசு கட்டுனாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. இது மதுரை வியாதியா, தமிழ்நாட்டு வியாதியான்னு தெரிஞ்சுக்கணும்.